உடம்பில் பட்ட கதிர் எவ்வளவு? சீட்டில் எழுதிக் கொடுங்கள்!

"உங்கள் உடம்பில் அணுக் கதிர் எவ்வளவு பட்டது?"

ஆஸ்பத்திரியில் அணு ஸ்கேன் எடுத்துக்கொண்ட ஒருவரிடம் இந்தக் கேள்வியைக் கேட்டுப் பாருங்கள். "தெரியாது" என்பார். இரத்த அழுத்தம் எவ்வளவு என்று கேளுங்கள். உடனே சொல்வார். சர்க்கரை எவ்வளவு? அதையும் சொல்வார். கதிர் அளவு மட்டும் தெரியாது. யாரும் அவருக்குச் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை.

இது கண்டுபிடிக்க முடியாத ரகசியம் அல்ல. இதற்குக் கணக்கு இருக்கிறது. உலகம் முழுவதும் விஞ்ஞானிகள் அந்தக் கணக்கைப் போட்டு, அட்டவணையாக அச்சிட்டு வைத்திருக்கிறார்கள். அதை நோயாளியின் கையிலும் கொடுக்க வேண்டும் என்பது என் கட்சி.

கொடுக்காததால் என்ன கெட்டுவிட்டது என்று கேட்கலாம். எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன்.

அந்த வீட்டு அம்மாளுக்கு வயது 68. மார்பில் புற்றுநோய்க்கு ஆபரேஷன் ஆனவர். பிறகு முதுகு வலி வந்தது. நோய் எலும்புக்குப் போயிருக்கிறதா என்று பார்க்க, டாக்டர் எலும்பு ஸ்கேன் எடுக்கச் சொன்னார். கையில் ஒரு ஊசி போட்டார்கள். மூன்று மணி நேரம் கழித்துப் படம் எடுத்தார்கள். எலும்பில் ஒன்றும் இல்லை. நல்ல சேதியோடு அம்மாள் வீட்டுக்கு வந்தார்.

அதற்குள் தெருவில் பேச்சு பரவிவிட்டது. "அந்த அம்மாள் உடம்பில் அணு மருந்தை ஏற்றியிருக்கிறார்களாம்" என்றார்கள். மருமகள் பயந்துவிட்டாள். "அத்தை, நீங்கள் தப்பாக நினைக்கக் கூடாது. குழந்தை கொஞ்ச நாள் எங்கள் அம்மா வீட்டில் இருக்கட்டும்" என்றாள். அம்மாளுக்குத் தனித் தட்டு. தனி டம்ளர். 15 நாள் பேரனைக் கண்ணால் பார்க்கவில்லை.

மருமகளைக் குற்றம் சொல்ல மாட்டேன். பெற்றவள் அல்லவா? குழந்தையைக் காப்பாற்றத்தான் நினைப்பாள். அவளுக்கு யாரும் கணக்குச் சொல்லவில்லை.

மறு வருஷம் டாக்டர் மீண்டும் ஒரு ஸ்கேன் எடுக்கச் சொன்னார். "மாட்டேன்" என்றார் அம்மாள். இன்று வரை எடுக்கவில்லை. நோய் திரும்பியிருக்கிறதா, இல்லையா? தெரியாது.

அந்த ஊசி மருந்தின் ஆயுள் என்ன என்று மருமகளுக்குத் தெரிந்திருந்தால், இந்தக் கதையே வேறாக இருந்திருக்கும்.

மிஷின் கதிர் வீசுவது இல்லை

முதலில் ஒரு தப்பெண்ணத்தைப் போக்க வேண்டும்.

எக்ஸ்ரே எடுக்கும்போது மிஷினில் இருந்து கதிர் வருகிறது. உடம்பைத் துளைத்துக்கொண்டு மறுபக்கம் போகிறது. அங்கே படம் விழுகிறது. அணு ஸ்கேன் இதற்கு நேர் எதிர். இதில் கதிர் வீசுவது மிஷின் அல்ல, நோயாளியின் உடம்பில் செலுத்திய மருந்து. வெளியே இருக்கும் காமிரா சும்மா பார்த்துக்கொண்டு இருக்கிறது. அவ்வளவுதான்.

"முக்கால் மணி நேரம் அந்த மிஷினுக்கு அடியில் படுத்திருந்தேன். எவ்வளவு கதிர் பட்டதோ!" என்று சிலர் புலம்புவார்கள். முக்கால் மணி நேரம் படுத்தாலும் மூன்று மணி நேரம் படுத்தாலும் அந்தக் காமிராவால் ஒரு துளிக் கதிரும் ஏறாது. சி.டி. ஸ்கேனும் சேர்ந்த மிஷினாக இருந்தால் அது வேறு கதை. அதற்குப் பிறகு வருகிறேன்.

கறவை மாடு

அந்த அம்மாளுக்குப் போட்ட ஊசியில் இருந்த கதிர்ப் பொருளின் பெயர் டெக்னீஷியம். இன்று அணு ஸ்கேன்களில் மிக அதிகமாகப் பயன்படுவது இதுதான்.

இது மனிதன் செய்த பொருள். 1937-ல் இத்தாலியில் பலெர்மோ நகரத்தில் செக்ரே, பெர்ரியர் என்ற இரண்டு விஞ்ஞானிகள் இதைக் கண்டுபிடித்தார்கள். இப்போது ஆஸ்பத்திரிகளுக்கு இதை நேராக அனுப்புவது இல்லை. அனுப்பினால் வழியிலேயே தீர்ந்துவிடும்! இதன் தாய்ப் பொருளான மாலிப்டினத்தை ஈயப் பெட்டிக்குள் வைத்து அனுப்புகிறார்கள். அதில் இருந்து டெக்னீஷியம் ஊறிக்கொண்டே இருக்கும். தினமும் காலையில் உப்புநீரை விட்டு அதைக் கழுவி எடுத்துக்கொள்கிறார்கள். அமெரிக்காவில் புரூக்ஹேவன் ஆராய்ச்சிக் கூடத்தில் 1958-ல் இந்த முறை உருவாயிற்று. அங்கே இந்தப் பெட்டிக்கு "மாடு" என்றே செல்லப் பெயர். காலையில் பால் கறப்பது போல மருந்தைக் கறக்கிறார்கள் அல்லவா?

டெக்னீஷியத்தின் அரை ஆயுள் 6 மணி நேரம். 6 மணிக்கு ஒரு முறை அது பாதியாகக் குறையும்.

எலும்பு ஸ்கேனுக்குப் பெரியவர்களுக்குக் கொடுக்கும் அளவு சுமார் 20 மில்லி கியூரி. அதாவது ஒரு விநாடிக்கு 74 கோடி அணுக்கள் சிதைகின்றன. 74 கோடி என்றதும் பயந்துவிடாதீர்கள். அணு மிகவும் சின்னது. அந்த ஊசியில் கதிர் வீசும் டெக்னீஷியத்தின் எடை, ஒரு கிராமை 25 கோடி பங்கு போட்டால் அதில் ஒரு பங்குதான்.

காலை 9 மணிக்கு ஊசி போட்டதாக வைத்துக்கொள்வோம். அப்போது 74 கோடி. மாலை 3 மணிக்கு 37 கோடி. இரவு 9 மணிக்கு 18½ கோடி. விடியற்காலை 3 மணிக்கு 9¼ கோடி. மறுநாள் காலை 9 மணிக்கு 4½ கோடிக்குச் சற்று அதிகம். பதினாறில் ஒரு பங்கு!

இது மருந்து முழுவதும் உடம்பிலேயே தங்கிவிட்டால் வரும் கணக்கு. உண்மையில் அப்படித் தங்குவது இல்லை. பெரும் பங்கு முதல் நாளே சிறுநீரில் போய்விடுகிறது. ஊசி போட்ட அன்று சில மணி நேரம் கைக்குழந்தையை நெடுநேரம் மடியில் வைத்திருக்க வேண்டாம் என்று சில ஆஸ்பத்திரிகளில் சொல்கிறார்கள். சில மணி நேரம்! 15 நாள் எங்கே, இது எங்கே?

சத்திரத்துக் கணக்கு

உடம்பில் பட்ட கதிரை எப்படிக் கணக்குப் போடுகிறார்கள்?

இங்கே இரண்டு அளவுகள் உண்டு. இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. அடுப்பில் எவ்வளவு விறகு வைத்தோம் என்பது ஒன்று. பக்கத்தில் நின்றவர் மேல் எவ்வளவு சூடு பட்டது என்பது இன்னொன்று. கியூரி, பெக்கரல் என்பவை விறகுக் கணக்கு. மில்லி சீவர்ட் என்பது சூட்டுக் கணக்கு.

ஒரே அளவு விறகு என்றாலும் எல்லா விறகும் ஒரே சூடு தருமா? தராது. முன்பு இருதய ஸ்கேனுக்குத் தாலியம் என்ற மருந்தை நிறையப் பயன்படுத்தினார்கள். எலும்பு ஸ்கேன் மருந்தையும் தாலியத்தையும் ஒரே மில்லி கியூரி அளவு கொடுத்தால், தாலியத்தால் உடம்பில் படும் கதிர் 25 மடங்குக்கு மேல்! தாலியத்தின் அரை ஆயுள் 3 நாள். அது உடம்பிலேயே உட்கார்ந்துகொள்ளும். அதனால்தான் அதைக் குறைந்த அளவில் கொடுத்தார்கள். நான் பார்த்த ஸ்கேன் அறிக்கைகள் சிலவற்றில் "இத்தனை மில்லி கியூரி கொடுக்கப்பட்டது" என்று ஒரு வரி இருந்தது. அது விறகுக் கணக்கு. நோயாளிக்கு வேண்டியது சூட்டுக் கணக்கு.

ஒரு சத்திரத்தை நினைத்துக்கொள்ளுங்கள். 100 பேர் வந்து ஒரு நாள் தங்கினால் எத்தனை சாப்பாடு? 10 பேர் வந்து 10 நாள் தங்கினால் எத்தனை சாப்பாடு? இரண்டும் ஒன்றுதான். வந்தவர் எத்தனை பேர் என்பது மட்டும் போதாது. எத்தனை நாள் தங்கினார்கள் என்பதும் வேண்டும்.

உடம்பிலும் அப்படியே. மருந்து எலும்புக்கு எவ்வளவு போயிற்று? எத்தனை மணி நேரம் தங்கியது? சிறுநீரகத்தில் எவ்வளவு? மூத்திரப் பையில் எவ்வளவு? ஒவ்வொரு உறுப்பும் ஒரு சத்திரம். ஒவ்வொன்றுக்கும் தனிக் கணக்கு.

இதை எப்படித் தெரிந்துகொண்டார்கள்? மருந்து ஏற்றிய சிலரை மணிக்கு மணி படம் பிடித்தார்கள். இரத்தத்தைச் சோதித்தார்கள். சிறுநீரைச் சேர்த்து அளந்தார்கள். அதில் இருந்து சராசரி எடுத்தார்கள்.

பிறகு இரண்டாவது கணக்கு. ஒரு உறுப்பில் தங்கிய மருந்து அந்த உறுப்பை மட்டுமா தொடும்? பக்கத்து வீட்டில் அடுப்பு எரிந்தால் நம் வீட்டுச் சுவரும் சுடுகிறது அல்லவா? மூத்திரப் பையில் இருக்கும் மருந்து கர்ப்பப் பையையும் குடலையும் தொடும். எந்த உறுப்பில் இருந்து எந்த உறுப்புக்கு எவ்வளவு என்று கம்ப்யூட்டர் கணக்குப் போடுகிறது. கடைசியில், எந்த உறுப்பு கதிருக்கு எவ்வளவு நோகும் என்பதையும் பார்த்து, எல்லாவற்றையும் சேர்த்து ஒரே எண்ணாகச் சொல்கிறார்கள். அந்த எண்தான் மில்லி சீவர்ட்.

ஒரு விஷயம் கவனியுங்கள். எலும்பு ஸ்கேனில் அதிகக் கதிர் படும் உறுப்புகளில் மூத்திரப் பை ஒன்று. ஊசி போட்டதும் "நிறையத் தண்ணீர் குடியுங்கள். அடிக்கடி பாத்ரூம் போங்கள்" என்று நர்சுகள் சொல்வது இதற்காகத்தான். சத்திரத்தில் வந்தவர்களைச் சீக்கிரம் வழியனுப்புகிறோம். பல பேர் இதை ஒரு சம்பிரதாயப் பேச்சு என்று நினைத்து, பாத்ரூம் போகச் சங்கடப்பட்டு அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். முக்கியமாகப் பெண்கள். காரணத்தைச் சொன்னால் அடக்குவார்களா?

கணக்கு பிறந்த கதை

இந்தக் கணக்கு சும்மா பிறக்கவில்லை. உயிர்களைப் பலி வாங்கிப் பிறந்தது.

அமெரிக்காவில் நியூஜெர்சி மாகாணத்தில் ஒரு கடிகாரத் தொழிற்சாலை. 1917 முதல் அங்கே இளம் பெண்கள் வேலை செய்தார்கள். இருட்டில் ஒளிரும் கடிகார முகப்புக்கு ரேடியம் கலந்த சாயத்தால் எண் எழுத வேண்டும். தூரிகையின் நுனியைக் கூர்மையாக்க உதட்டில் வைத்துச் சப்பினார்கள். ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் ரேடியம் வயிற்றுக்குள் போயிற்று. தாடை எலும்பு அழுகியது. பல பெண்கள் இறந்தார்கள். 5 பெண்கள் துணிந்து வழக்குப் போட்டார்கள். 1928-ல் கம்பெனி நஷ்ட ஈடு கொடுத்தது.

எபென் பையர்ஸ் என்று ஒரு பெரும் பணக்காரர். ரேடியம் கலந்த தண்ணீரை மருந்து என்று விற்றார்கள். அவர் அதைப் புட்டி புட்டியாகக் குடித்தார். 1932-ல் இறந்தார். அவருக்கும் தாடை போயிற்று.

உடம்புக்குள் போன ரேடியம் எவ்வளவு, அது எங்கே தங்குகிறது, எவ்வளவு இருந்தால் ஆபத்து என்று அன்று யாருக்கும் தெரியாது. ராப்லி எவன்ஸ் என்ற விஞ்ஞானி உயிரோடு இருந்தவர்களின் உடம்பில் உள்ள ரேடியத்தை அளந்து பார்த்தார். 1941-ல் முதல் தடவையாக ஒரு வரம்பு கட்டினார்கள்.

அதன் பிறகு கதிர் மருந்துகள் வந்தன. 1948-ல் மாரினெல்லி, எடித் குவிம்பி, ஹைன் என்ற மூவர் மருந்துக் கதிரை அளக்கச் சூத்திரம் கொடுத்தார்கள். எடித் குவிம்பி ஒரு பெண்மணி என்பதைப் பள்ளிக்கூடப் பெண்கள் கவனிக்க வேண்டும். 1965-ல் அமெரிக்க அணு மருத்துவச் சங்கம் இதற்கென்றே ஒரு கமிட்டி போட்டது. இன்று போடும் சத்திரத்துக் கணக்கு அந்தக் கமிட்டி வகுத்ததுதான்.

நம் நாட்டுக்கும் இந்த மருத்துவம் புதிது அல்ல. 1963-ல் பம்பாயில் கதிர் மருத்துவ மையம் தொடங்கினார்கள். இன்று தமிழ்நாட்டில் பெரிய ஊர்களில் அணு ஸ்கேன் எடுக்க முடிகிறது. ஸ்கேன் வந்துவிட்டது. கணக்குச் சீட்டுத்தான் வரவில்லை.

எழுபது கிலோ வெள்ளைக்காரர்

இந்த எண் எவ்வளவு நிச்சயமானது? இதையும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும்.

மருந்து உறுப்புக்கு உறுப்பு எப்படிப் பரவும் என்பது சராசரி. கம்ப்யூட்டரில் இருக்கும் உடம்பும் ஒரு மாதிரி உடம்பு. 1975-ல் சர்வதேசக் கதிர்ப் பாதுகாப்புக் கமிஷன் ஒரு "மாதிரி மனிதனை" வெளியிட்டது. அவர் வயது 20 முதல் 30. எடை 70 கிலோ. உயரம் 170 சென்டிமீட்டர். 10 முதல் 20 டிகிரி குளிரில் வாழ்பவர். மேற்கு ஐரோப்பாவிலோ வட அமெரிக்காவிலோ இருக்கும் வெள்ளைக்காரர்!

இதற்கு முன்பு 1969-ல் செய்த மாதிரி இன்னும் வேடிக்கை. உருளையும் முட்டையும் கூம்பும் அடுக்கி வைத்த பொம்மை போன்றது. ஆண் உறுப்பும் பெண் உறுப்பும் அதே உடம்பில் இருந்தன. அர்த்தநாரி என்று சொல்லலாம்! 2009-ல்தான் அசல் மனிதர்களின் ஸ்கேன் படங்களில் இருந்து ஆணுக்கு ஒன்று, பெண்ணுக்கு ஒன்று என்று தனி மாதிரிகள் வந்தன. ஆண் 176 சென்டிமீட்டர், 73 கிலோ. பெண் 163 சென்டிமீட்டர், 60 கிலோ.

நம் வீட்டுப் பாட்டிகள் பலர் 45 கிலோகூட இல்லை. 60 கிலோ உடம்புக்குப் போட்ட கணக்கு 45 கிலோ உடம்புக்குச் சரியாகப் பொருந்துமா? அதே மருந்து சிறிய உடம்பில் கொஞ்சம் அதிகமாகத்தான் படும்.

ஜவுளிக் கடையில் தைத்து வைத்த சட்டை வாங்குகிறோம். 40 அளவு என்று கழுத்தில் போட்டிருக்கிறது. உடம்பை அளந்து தைத்தது அல்ல. ஆனாலும் 32 அளவா, 40 அளவா என்று தெரிவது உபயோகம்தான். மில்லி சீவர்ட் கணக்கும் அப்படித்தான். ஸ்கேனுக்கு இந்தக் கடைச் சட்டை போதும். தைராய்டு புற்றுநோய்க்குக் கதிர் அயோடினை வைத்தியமாகவே கொடுக்கிறார்களே, அங்கே அளவு பல மடங்கு அதிகம். அங்கே தையற்காரர் வர வேண்டும். அந்த நோயாளியையே நாள் கணக்காகப் படம் பிடித்து, அவர் உடம்புக்கென்றே கணக்குப் போடுவது நல்லது.

குழந்தைகள் விஷயத்தில் இந்தக் கணக்கு உயிர் போன்றது. புற்றுநோய்க்கு எடுக்கும் பெட் ஸ்கேனில் சர்க்கரை போன்ற ஒரு கதிர் மருந்தைக் கொடுக்கிறார்கள். பெரியவருக்கும் ஒரு வயதுக் குழந்தைக்கும் அதே அளவு மருந்தைக் கொடுத்தால், குழந்தைக்குப் படும் கதிர் 5 மடங்கு! ஆகவே குழந்தையை எடை போட்டு, எடைக்குத் தக்கபடி குறைத்துக் கொடுக்க வேண்டும். குழந்தைக்கு ஸ்கேன் என்றால் "எடை பார்த்தீர்களா?" என்று தாய்மார்கள் தைரியமாகக் கேட்கலாம். கர்ப்பமாக இருந்தாலும் பால் கொடுத்தாலும் ஊசிக்கு முன்பே சொல்லிவிட வேண்டும்.

4 என்றால் எவ்வளவு?

எலும்பு ஸ்கேனில் படும் கதிர் சுமார் 4 மில்லி சீவர்ட். இது அதிகமா, குறைவா?

சில பேர் "மார்பு எக்ஸ்ரே எத்தனைக்குச் சமம்" என்று சொல்வார்கள். எனக்கு அது பிடிக்கவில்லை. மார்பு எக்ஸ்ரேயில் படும் கதிர் மிகமிகக் குறைவு. அதை வைத்து அளந்தால் எதுவும் நூற்றுக்கணக்கில் வரும். கேட்பவர் நடுங்கிப் போவார். மணலை எண்ணி மலையை அளப்பது போல.

வேறு ஒரு அளவுகோல் இருக்கிறது. மண்ணில் இருந்தும், கல்லில் இருந்தும், வானத்தில் இருந்தும், நாம் உண்ணும் உணவில் இருந்தும் தினமும் நம் மேல் கதிர் படுகிறது. உலக சராசரி வருஷத்துக்கு 2.4 மில்லி சீவர்ட். ஆக, எலும்பு ஸ்கேன் என்பது இரண்டு வருஷத்துக்குள் பூமி கொடுக்கும் கதிர்.

கன்னியாகுமரி மாவட்டம் மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் தோரியம் இருக்கிறது. கேரளத்தில் கருநாகப்பள்ளிக் கடற்கரையிலும் இருக்கிறது. அங்கே சில இடங்களில் கதிர் சராசரியைவிடப் பல மடங்கு. கருநாகப்பள்ளியில் சுமார் 70,000 பேரைப் பத்து வருஷத்துக்கு மேல் கவனித்து, 2009-ல் முடிவை வெளியிட்டார்கள். இயற்கைக் கதிரால் அங்கே புற்றுநோய் கூடியதாகத் தெரியவில்லை.

அதற்காக ஆபத்தே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. சிறு கதிருக்கும் சிறு ஆபத்து இருக்கலாம் என்று வைத்துக்கொண்டுதான் கமிஷன் கணக்குப் போடுகிறது. அந்தக் கணக்குப்படி 10,000 பேர் எலும்பு ஸ்கேன் எடுத்தால், அதனால் 2 பேருக்குப் பிற்காலத்தில் புற்றுநோய் வரலாம். நம் நாட்டில் 9 பேரில் ஒருவருக்கு வாழ்நாளில் எப்படியும் புற்றுநோய் வரக்கூடும் என்று இந்தியப் புற்றுநோய்ப் பதிவேடு 2022-ல் கணக்கிட்டது. 10,000 பேருக்கு சுமார் 1,100 பேர். அந்த 1,100, 1,102 ஆகலாம். மறுபக்கம், எலும்புக்குப் பரவிய நோயைக் கண்டுபிடிக்காமல் விட்டால்? தராசில் எந்தத் தட்டு தாழ்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

பெட் ஸ்கேனில் மருந்தால் படுவது சுமார் 7 மில்லி சீவர்ட். ஆனால் அந்த மிஷினில் சி.டி. ஸ்கேனும் சேர்ந்திருக்கிறது. அது எக்ஸ்ரே கதிர் வீசும். சில சமயம் சி.டி.யின் பங்கு மருந்தின் பங்கைவிட அதிகம். போன மாதம்தான் வேறு ஆஸ்பத்திரியில் நல்ல சி.டி. எடுத்திருக்கிறார் என்றால், இங்கே சி.டி.யின் அளவைக் குறைத்து எடுக்கலாமா என்று டாக்டர் யோசிக்கலாம். யோசிக்க வேண்டுமானால் போன மாதக் கணக்கு கையில் இருக்க வேண்டும்! ஒரு ஊரில் ஸ்கேன், இன்னொரு ஊரில் வைத்தியம், மூன்றாவது ஊரில் இரண்டாம் அபிப்பிராயம் என்று அலைபவர்கள் நம் ஜனங்கள். அவர்களோடு அலைவது அந்தப் பிளாஸ்டிக் பை ஒன்றுதான்.

"சொன்னால் பயப்படுவார்கள்"

எண்ணைச் சொன்னால் ஜனங்கள் பயந்து ஓடிவிடுவார்கள் என்று சில டாக்டர்கள் சொல்கிறார்கள். அவர்கள் எண்ணம் நல்லதுதான். ஆனால் சொல்லாததால் யாரும் தைரியமாக இருக்கவில்லை. தட்டைத் தனியாக வைக்கிறார்கள். குழந்தையை ஊருக்கு அனுப்புகிறார்கள்.

அந்த ஸ்கேன் அறையில் வேலை செய்பவர்களைப் பாருங்கள். சட்டையில் ஒரு சிறு பட்டை குத்தியிருப்பார்கள். அவர்கள் மேல் படும் கதிரை அது பதிந்துவைக்கும். அதைச் சோதித்துக் கணக்கு எழுதுகிறார்கள். 5 வருஷத்துச் சராசரி வருஷத்துக்கு 20 மில்லி சீவர்ட்டைத் தாண்டக் கூடாது, எந்த வருஷத்திலும் 30-ஐத் தாண்டக் கூடாது என்று அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் விதி வைத்திருக்கிறது. நல்ல விதி. அவர்கள் தினமும் கதிரோடு பழகுகிறவர்கள். அவர்களுக்கு அதனால் வைத்தியப் பலன் ஏதும் இல்லை. ஆனால், ஊசி குத்தியது நோயாளியின் கையில். அவருக்குக் கணக்குச் சீட்டு இல்லை!

இது நடக்காத காரியம் அல்ல. ஐரோப்பிய நாடுகள் 2013-ல் ஒரு சட்டம் செய்தன. நோயாளியின் மேல் பட்ட கதிரைப் பற்றிய விவரம் ஸ்கேன் அறிக்கையிலேயே இருக்க வேண்டும் என்று அது சொல்கிறது. 2018 பிப்ரவரிக்குள் எல்லா நாடுகளும் அதை அமலாக்க வேண்டும் என்று கெடு வைத்தார்கள். இங்கேயும் வாரியம் ஒரு உத்தரவு போட்டால் போதும்.

ஒரு எச்சரிக்கை மட்டும் உண்டு. சீட்டுக் கையில் வந்ததும் சிலர் ஒவ்வொரு எண்ணாகக் கூட்டி, "20 ஆகிவிட்டது. இனிமேல் எனக்கு ஸ்கேன் கூடாது" என்று கிளம்பிவிடுவார்கள். அந்த 20 வேலை செய்பவர்களுக்கு உள்ள வரம்பு. நோயாளிக்கு வரம்பு கிடையாது. ஸ்கேன் அவசியமா, இல்லையா என்பதுதான் கேள்வி. அவசியம் என்றால் பத்தாவது ஸ்கேனும் சரி. அவசியம் இல்லை என்றால் முதல் ஸ்கேனும் தப்பு. இதையும் அந்தச் சீட்டிலேயே அச்சடித்துவிடலாம்.

என்ன எழுத வேண்டும்? அதிகம் வேண்டாம். தமிழில், பெரிய எழுத்தில் இவ்வளவு போதும்:

"மருந்து: டெக்னீஷியம், எலும்பு ஸ்கேன். கொடுத்த அளவு: 740 மெகா பெக்கரல். கொடுத்த நேரம்: காலை 9 மணி. உத்தேசக் கதிர் அளவு: சுமார் 4 மில்லி சீவர்ட். இது மாதிரி உடம்புக்கு உரிய மதிப்பீடு. உங்கள் உடம்பை அளந்தது அல்ல. நாளைக் காலைக்குள் மருந்து பதினாறில் ஒரு பங்குக்கும் கீழே போய்விடும். தட்டு, டம்ளர் தனியாக வைக்க வேண்டாம்."

முதல் மூன்று விவரங்களையும் ஆஸ்பத்திரியில் ஏற்கெனவே எழுதி வைக்கிறார்கள். நாலாவதுக்கு ஒரு பெருக்கல் போட வேண்டும். கமிஷனின் அட்டவணையில் எலும்பு ஸ்கேன் மருந்துக்கு ஒரு மெகா பெக்கரலுக்கு 0.0049 என்று போட்டிருக்கிறது. 740-ஐ 0.0049-ஆல் பெருக்கினால் 3.6 வருகிறது. எட்டாம் வகுப்புப் பிள்ளை போட்டுவிடுவான்.